பெரிய காயில் வாங்கினால் ஆழம் கூடுமா?

மெட்டல் டிடெக்டர் தண்டின் அடிமுனையில் மாட்டியிருக்கும் தட்டுதான் காயில். கேள்வி இதுதான்: "என் மெட்டல் டிடெக்டருடன் 11 அங்குல டபுள் டி காயில் வந்தது. நான்கைந்து மாதங்களாகத் தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் ஒரு சாண் ஆழத்துக்குள்தான். 15 அங்குல காயில் வாங்கினால் இன்னும் ஆழத்தில் இருப்பவை கிடைக்குமா? சிறிய காயில் ஒன்று அவசியம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை வாங்குவது?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறியதை வாங்குங்கள். நீங்கள் எதிர்பார்த்த பதில் இதுவாக இருக்காது. ஆழம் வேண்டும் என்று கேட்பவரிடம் சிறிய காயிலைக் காட்டுவது, பசிக்கிறது என்பவருக்குச் சின்னத் தட்டை எடுத்து நீட்டுவது போலத்தான் தோன்றும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு.

காயிலுக்குள் இருக்கும் ஒரு கம்பிச் சுற்று காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் பட்டதும் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு சிறு புலத்தை உண்டாக்கி மேலே அனுப்ப, இன்னொரு கம்பிச் சுற்று அதைப் பிடிக்கிறது. போகும் வழியிலும் புலம் மெலிகிறது, திரும்பும் வழியிலும் மெலிகிறது. காயிலைவிட்டு நன்றாகத் தள்ளிப் போய்விட்டால் ஒவ்வொரு வழியிலும் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஆறாம் மடி. அதாவது தூரம் இரட்டித்தால், திரும்பி வரும் சமிக்ஞை 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. இதையே திருப்பிப் போட்டால், சமிக்ஞையின் பலத்தை இரட்டிக்கும் ஒரு டிடெக்டர் உங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் ஆழம் வெறும் 12 சதவீதம். இந்தத் துறையில் "இரு மடங்கு ஆழம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இப்போது உங்கள் 11 அங்குலத்தையும் நீங்கள் ஆசைப்படும் 15 அங்குலத்தையும் ஒப்பிடுவோம். இரண்டிலும் கம்பிச் சுற்றுகளும் மின்னோட்டமும் சமம், இரண்டும் வெறும் வட்டம், கீழே மண்ணே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நாணயம் 25 சென்டிமீட்டர் கீழே இருந்தால், 15 அங்குல காயிலுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு சமிக்ஞை கிடைக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 11 அங்குலம் 25 சென்டிமீட்டரில் கேட்கும் அதே பலத்தை 15 அங்குலம் எந்த ஆழத்தில் கேட்கும் என்று பார்த்தால், சுமார் 29.5 சென்டிமீட்டர். நான்கு விரல் அகலம்கூட இல்லாத அந்தக் கூடுதலுக்குத்தான் இத்தனை செலவும் கைவலியும். சுமார் 11 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் கிடக்கும் சிறு பொருளுக்கோ கணக்கு தலைகீழாகிறது. அங்கே சிறிய காயிலுக்குத்தான் பலம். பெரிய வளையம் தன் புலத்தைப் பரப்பிவிடுவதால், பக்கத்தில் இருக்கும் குன்றிமணி அளவுப் பொருள் அதற்குத் தெரியாமலே போகலாம். மெல்லிய காது வளையம், சங்கிலியின் ஒற்றைக் கண்ணி, சிறு தங்கத் துணுக்கு எல்லாம் இந்த வகை.

இதெல்லாம் மண் இல்லாத உலகின் கணக்கு. மண் வந்ததும் பெரிய காயிலுக்கு இன்னும் சோதனை. 15 அங்குல வட்டத்தின் பரப்பு 11 அங்குலத்தைவிட ஏறத்தாழ 1.86 மடங்கு. அத்தனை மண்ணும் சேர்ந்து பேசும். மண்ணில் மேக்னடைட், மேக்ஹமைட் போன்ற இரும்புத் தாதுக்கள் கலந்திருந்தால், நாணயம் தரும் சமிக்ஞையைவிட மண் தரும் சமிக்ஞை பல மடங்கு பெரிதாக இருக்கும். கிரவுண்ட் பேலன்ஸ் செய்வது அந்த மண் குரலைக் கழித்துவிடத்தான். கழித்தாலும் மிச்சம் நிற்கும். இரைச்சல் தாங்காமல் நீங்கள் சென்சிட்டிவிட்டியைக் குறைப்பீர்கள். குறைத்த கணத்தில் அந்த நான்கரை சென்டிமீட்டர் போய்விடும், சில இடங்களில் அதற்கு மேலும் போய்விடும். தாது மிகுந்த மண்ணில் முழு சென்சிட்டிவிட்டியோடு அமைதியாக ஓடும் சிறிய காயில், அலறிக்கொண்டு ஓடும் பெரிய காயிலைவிட ஆழமாகவே கேட்கும். உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். பலமான காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டு உலர்ந்த மண்ணில் இழுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி தாடிபோல் ஒட்டிக்கொண்டு வந்தால் பெரிய காயில் ஆசையைத் தள்ளிவையுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது மண்ணைப் பற்றியல்ல, குப்பையைப் பற்றி. "கிடைப்பதெல்லாம் ஒரு சாணுக்குள்" என்பதற்கு, அதற்குக் கீழே இருப்பதை டிடெக்டர் எட்டவில்லை என்று நீங்கள் பொருள் கொள்கிறீர்கள். ஒரு சாணுக்குள்ளேயே பாதியை நீங்கள் தவறவிட்டிருக்கலாம் என்று நான் பொருள் கொள்கிறேன். மனிதர்கள் புழங்கிய இடங்களில் ஆணிகள் மண்ணில் விதைத்தது போலக் கிடக்கும். காயிலின் அடியில் ஒரே நேரத்தில் ஐந்தாறு ஆணிகளும் ஒரு வெள்ளி நாணயமும் இருந்தால், டிடெக்டருக்குக் கேட்பது அத்தனையும் கலந்த ஒரே குரல்தான். இரும்புக்கு ஒலி வேண்டாம் என்று நீங்கள் அமைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரும்பை நீக்கும் அமைப்பு மண்ணிலிருந்து இரும்பை எடுத்து எறிவதில்லை, இரும்பின் வாயைப் பொத்துகிறது. ஆணியோடு ஒட்டிக் கிடக்கும் வெள்ளியின் வாயும் அதோடு பொத்தப்படுகிறது. உங்கள் காதுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மரப்பலகையில் நான்கு துருப்பிடித்த ஆணிகளைக் கைக்கு வந்தபடி பரப்பி, நடுவில் ஒரு நாணயத்தை வைத்து, காயிலை இரு பக்கமும் வீசிப் பாருங்கள். பிறகு 90 பாகை திரும்பி நின்று அதே வீச்சு. ஒரு திசையில் தெளிவாகக் கேட்கும் நாணயம் இன்னொரு திசையில் காணாமல் போகும். அதே பலகையை 6 அங்குல காயிலால் வீசினால் வித்தியாசம் உடனே புரியும். நான் இதைக் கற்றது பலகையில் அல்ல. இடிந்த வீடு ஒன்றின் முற்றத்தை 11 அங்குல காயிலால் மூன்று முறை சலித்துவிட்டு, இனி இங்கே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அடுத்த பருவத்தில் ஒரு நண்பரின் சிறிய காயிலைக் கடன் வாங்கி அதே முற்றத்தில் நடந்தேன். காலைப்பொழுதுக்குள் ஒன்பது நாணயங்கள். ஒன்றுகூட 12 சென்டிமீட்டருக்குக் கீழே இல்லை. எல்லாவற்றின் மேலேயும் நான் ஏற்கெனவே நடந்திருக்கிறேன்.

இரைச்சல் மிகுந்த சூழலில் கருவி தோற்ற கதை இந்தத் துறையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் தன் தூண்டல் கருவியோடு வந்தார். எங்கு வைத்தாலும் தெளிவில்லாத ஒலி. படுக்கையில் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார், குண்டு இருந்ததோ இடப்பக்கம். கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்தார். கருவியின் திறனில் குறை காண்பதற்கு முன்னால், அதன் அடியில் வேறு என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சோகமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அளவுக்கு அடுத்தது உள்ளமைப்பு. உங்களிடம் இருப்பது டபுள் டி. ஆங்கில டி எழுத்து வடிவிலான இரண்டு சுற்றுகள் முதுகோடு முதுகு சேர்ந்து, நடுவில் ஒரு பட்டையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்று அனுப்பும், மற்றது பெறும். அனுப்பும் சுற்றின் புலம் பெறும் சுற்றில் எதையும் உண்டாக்காதபடி அவற்றை மயிரிழை அளவுக்குச் சரிசெய்து பசையால் இறுக்கியிருப்பார்கள். இதன் உணர்திறன் நடுப்பட்டையில் முன்னிருந்து பின்வரை ஒரு கத்தி அலகுபோல் நீள்கிறது. அதனால் மண்ணைக் குறைவாகப் பார்க்கிறது, ஒவ்வொரு வீச்சிலும் நீண்ட பட்டையைத் துழாவுகிறது. இன்று பெரும்பாலான டிடெக்டர்கள் இதோடுதான் வருகின்றன, அதற்கு நியாயமும் இருக்கிறது.

கான்சென்ட்ரிக் வகையில் பெரிய வட்டம் அனுப்புகிறது, அதன் நடுவே இருக்கும் சிறிய வட்டம் பெறுகிறது. உணர்திறன் கூம்பு வடிவில் கீழே போகப் போகக் குறுகுகிறது. ஆகவே ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆழத்தில் பட்டை பட்டையாக இடைவெளி விட்டுக்கொண்டே போவீர்கள். தாது மிகுந்த மண்ணில் இது திணறும். மண் சாதுவாக இருந்தாலோ இதன் குரல் தெளிவானது: பொருள் சரியாக எங்கே இருக்கிறது என்று சொல்வதிலும், பாட்டில் மூடி, தட்டையான இரும்புத் தகடு போன்ற ஏமாற்றுக்காரர்களைக் காட்டிக் கொடுப்பதிலும் டபுள் டியைவிடக் கெட்டி. டபுள் டி துருப்பிடித்த தகட்டை நல்ல உலோகம் என்று ஆசையாகக் கூவும். அப்போது காயிலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, அதன் மூக்கு நுனி மட்டும் பொருளின்மேல் போகுமாறு வீசுங்கள். ஒலி உடைந்து இரும்பின் கரகரப்புக்கு மாறினால் தோண்ட வேண்டாம். என் பழைய கான்சென்ட்ரிக் காயில் இன்னும் பரணில் இருக்கிறது, பூங்காக்களுக்கு மட்டும் அதை இறக்குவேன். இப்போதைய பல மாடல்களுக்கு அந்த வகை காயிலே தயாரிக்கப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மோனோ என்ற பெயரையும் கேட்டிருப்பீர்கள். அது பல்ஸ் இண்டக்ஷன் கருவிகளுக்கானது. ஒரே சுற்று துடிப்பை அனுப்பி, அதை அணைத்த சில மைக்ரோ நொடிகளில் அதுவே கேட்கவும் செய்கிறது. தங்கம் தேடுபவர்களின் உலகம் அது. ஒரு மீட்டர் சதுரச் சட்டங்களும் அங்கே உண்டு. அவை நாணயத்தைக் கண்டுகொள்ளவே மாட்டா, பானை அளவு உலோகத்துக்கு மட்டும் வாய் திறக்கும். போர் நடந்த நிலத்தில் ஆழமாக, பெரிதாக ஒலிக்கும் எதையும் தோண்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வடிவத்தில், வட்டத்தைவிட நீள்வட்டத்தை நான் அதிகம் விரும்புகிறேன். 9க்கு 5 அங்குலம் என்ற அளவில் ஒரு நீள்வட்டக் காயில், பக்கத்துப் பக்கத்துப் பொருள்களைப் பிரித்துக் காட்டுவதில் 5 அங்குலக் காயில் போலவும், ஒரு வீச்சில் துழாவும் அகலத்தில் 9 அங்குலக் காயில் போலவும் நடந்துகொள்ளும். அறுவடை முடிந்த தட்டைகளுக்கு இடையிலும், மரவேர்களுக்கு நடுவிலும் நுழையும். ஆழத்தில் அதே நீளமுள்ள வட்டத்தைவிடச் சற்றுக் குறைவு, ஏற்றுக்கொள்ளக்கூடிய குறைவு.

வாங்கும்போது பலர் சறுக்குவது பொருத்தத்தில். பிளக் உள்ளே போய்விட்டது என்பதால் காயில் பொருந்திவிட்டது என்று ஆகாது. சுற்றின் தூண்டல் மதிப்பு, மின்தடை, கருவியின் அதிர்வெண்ணோடு அது ஒத்திசையும் விதம் எல்லாம் அந்த மாடலுக்கென்று அமைந்தவை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூடப் பல நேரம் ஒன்றின் காயில் மற்றதற்குப் பொருந்தாது. சில கருவிகளில் அதிர்வெண்ணையே காயில்தான் தீர்மானிக்கிறது. மைன்லேப் எக்ஸ்-டெர்ரா 705க்கு 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனி காயில்கள் உண்டு. குறைந்த அதிர்வெண் பருமனான வெள்ளி, செம்புப் பொருள்களை நன்றாக எழுப்பும், உயர்ந்தது சிறு தங்கத்தையும் மெல்லிய துண்டுகளையும். எக்ஸ்பி டியூஸ் இன்னொரு வகை: மின்சுற்றும் பேட்டரியும் காயிலுக்குள்ளேயே இருக்கின்றன, கையிலிருக்கும் பெட்டியோடு அது வானொலி அலையால் பேசுகிறது. இரண்டாவது காயில் வாங்கினால் சார்ஜ் செய்ய இன்னொரு பேட்டரியும் சேர்கிறது. தண்ணீருக்குள் அந்த அலை செல்லாது என்பதால் முக்குவதற்குத் தனி ஆன்டெனா கம்பி வேண்டும். காயிலை மட்டும் செய்யும் வெளி நிறுவனங்களின் பொருள்கள் பல நன்றாகவே இருக்கின்றன, உங்கள் மாடலின் பெயர் அவர்கள் பட்டியலில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடற்கரைக்குப் போகிறவரா நீங்கள் என்று சொல்லவில்லை. போவதானால், உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மொத்த மணலும் ஒரு பெரிய மெல்லிய உலோகம்போல் காயிலுக்குத் தெரியும். காயில் பெரிதாக ஆக அது கூடும். அலைக்குள் நிற்கும்போது பெரிய காயில் இன்னொரு தொல்லையும் தரும்: உள்ளீடற்ற ஓடாக இருந்தால் மிதக்கும், நீரோட்டம் அதைப் பாய்போல இழுக்கும். காயில் நீர் புகாதது என்று எழுதியிருப்பது காயிலுக்கு மட்டும், கேபிளின் மறுமுனையில் இருக்கும் பெட்டிக்கு அல்ல. இதைப் படிக்காமல் பெட்டியை நனைத்தவர்களில் நானும் ஒருவன்.

எடையைக் கடைசியில் வைத்தாலும் அது கடைசி விஷயமல்ல. காயில் உங்கள் கைப்பிடியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 200 கிராம் கூடினால் முழங்கைக்கு அது 200 கிராமாகத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கை தானாகவே காயிலைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்கும், வீச்சின் இரு முனைகளிலும் ஊஞ்சல்போல் மேலே போகும். தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால், பெரிய காயில் கொடுத்த நான்கரை சென்டிமீட்டரும் காற்றில் போய்விட்டது.

பழைய காயிலை வாங்குவதானால் சில சோதனைகள். இரும்பில்லாத இடத்தில் அதைக் காற்றில் பிடித்து, கருவியை ஓடவிட்டு, விரலால் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கத்தினால் உள்ளே கம்பிச் சுற்று தளர்ந்திருக்கிறது. கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளையுங்கள், அங்கேதான் கம்பிகள் உள்ளுக்குள் அறுபடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கேளுங்கள். ஈரம் பட்டதும் பிதற்றினால் உள்ளே பூசியிருக்கும் கிராஃபைட் கவசம் பழுது. மாட்டும்போது பிளாஸ்டிக் திருகாணியையே பயன்படுத்துங்கள், உலோகத்தைப் போட்டால் காயில் அதையேதான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். கேபிளைத் தண்டைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுங்கள். தொளதொளவென்று ஆடும் கேபிள் போலி ஒலிகளைக் கொடுக்கும். காயிலின் அடியில் மாட்டும் காப்பு மூடியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். அதற்குள் சேரும் கறுமணல் காரணமாகக் காயிலே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்கியவரை எனக்குத் தெரியும்.

இனி உங்கள் விஷயத்துக்கு. எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று நாள் இரும்பு ஒலியைத் திறந்துவைத்துத் தேடுங்கள். காது கொஞ்சம் கஷ்டப்படும். ஒரு வீச்சுக்கு எத்தனை இரும்பு முனகல் கேட்கிறது என்று எண்ணுங்கள். மூன்று நான்கு என்றால் உங்கள் இடத்தில் ஆழம் பிரச்சினையே இல்லை, 9க்கு 5 நீள்வட்டமோ 6 அங்குல வட்டமோ உங்கள் மாடலுக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்கி, ஏற்கெனவே முடித்துவிட்டதாக நினைக்கும் அதே இடங்களுக்குத் திரும்பிப் போங்கள். மெதுவாக, ஒரு அடிக்கு மூன்று வீச்சு என்ற கணக்கில். பத்து வீச்சுக்கு ஒரு முனகல்கூட இல்லாத, உழுது போட்ட திறந்த வயல்தான் உங்கள் இடம் என்றால், காந்தத்திலும் கறுப்புப் பொடி ஒட்டவில்லை என்றால், நான் மேலே சொன்னதை மறந்துவிட்டு 15 அங்குலத்தை வாங்கலாம். அங்கே அதன் உண்மையான லாபம் ஆழம்கூட அல்ல, ஒரு நாளில் நடந்து முடிக்கும் பரப்பு.

இரண்டு காயில் ஆனதும், தண்டின் கீழ்த் துண்டு ஒன்றையும் கூடுதலாக வாங்கிக் காயிலோடு நிரந்தரமாக மாட்டி வைத்துவிடுங்கள். திருகாணியைக் கழற்றி மாட்டும் வேலை இருந்தால் வயலில் யாரும் காயிலை மாற்றுவதில்லை, சிறிய காயில் பையிலேயே கிடந்து வீடு திரும்பும்.